நாஞ்சில் நாட்டு ஒட்டுண்ணி ஈக்களும் நிழற்படச் சான்றும்

வேறொரு பூச்சியின் உடலுக்குள் முட்டையாகவோ இளம்புழுவாகவோ புகுந்து, உள்ளிருந்தே உண்டு வளர்ந்து, இறுதியில் தனக்கு இடங்கொடுத்த உயிரைக் கொன்றுவிட்டு வெளிவரும் ஈக்களில் மிகப் பெரிய குடும்பம் டாக்கினிடே ஆகும். உலகெங்கும் இக்குடும்பத்தில் 8,500 இனங்களுக்குக் குறையாமல் பெயர் சூட்டப்பட்டுள்ளன. பெயர் சூட்டப்படாதவை வெப்ப மண்டலக் காடுகளிலும் தோட்டங்களிலும் இன்னும் ஏராளமாக உள்ளன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இவற்றோடு தேனீக்களையும் குளவிகளையும் தாக்கும் கோனோபிடே, தத்துப்பூச்சிகளைத் தாக்கும் பைபன்குலிடே, மண்ணில் கூடு கட்டும் தனித்தேனீக்களைத் தாக்கும் பாம்பிலியிடே, பறவையும் கால்நடையும் வௌவாலும் சுமந்து திரியும் பேன் ஈக்கள் ஆகியவற்றையும் சேர்த்தே இவ்வுரை ஒட்டுண்ணி ஈக்கள் எனக் கொள்கிறது. கைப்பேசியிலேயே நெருக்கப் படம் எடுக்க முடிகிற இக்காலத்தில், குமரி மாவட்டத்துத் தோப்பிலோ வயலிலோ எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு இத்தகைய ஈயின் பெயரை எந்த அளவுக்குச் சொல்ல முடியும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

நாஞ்சில் நாடும் அதைச் சூழ்ந்த குமரி மாவட்டமும் இந்த ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியும் கடலும் ஒருநாள் நடையில் எட்டிவிடும் தொலைவில் இங்கு நெருங்கி நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் பெய்வதால், கன்னிப்பூ, கும்பப்பூ என நெல் இருபோகம் விளைகிறது. கீரிப்பாறை, காளிகேசம் பகுதிகளின் ஈரக்காடு, பேச்சிப்பாறையைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்கள், தோவாளையின் பூந்தோட்டங்கள், சுசீந்திரம், தேரூர்க் குளங்கள், கடலோரத்துத் தென்னை விளைகள் என உயிர்ச்சூழல் அடிக்கடி மாறுவதால், புழுக்களின் வகைகளும் அவற்றைத் தின்று வாழும் ஈக்களின் வகைகளும் இங்கு இடத்துக்கிடம் மாறுகின்றன.

இவற்றுள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது தென்னையே. தென்னையோலையின் அடிப்பக்கத்தில் நூலும் எச்சமும் கலந்த கூண்டு பின்னி, பச்சையத்தைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப்புழுவின் அறிவியல் பெயர் ஒப்பிசினா அரினோசெல்லா. கோடையில் இது பெருகினால், தீயில் வாட்டியதுபோல ஓலைகள் பழுத்துக் காய்ந்து தோப்பே நிறம் மாறிவிடும். இதனைக் கட்டுப்படுத்த கோனியோசஸ், பிரக்கான் முதலிய சிறு குளவிகளை ஆய்வகங்களில் வளர்த்து விடுவது தென்னை விவசாயிகள் பலர் அறிந்த செய்தி. அவ்வளவாக அறியப்படாதது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இதே புழுவுக்குள் இயற்கையாகவே வளரும் ஸ்போக்கோசியா பெசியானா என்னும் டாக்கினிட் ஈ. தோப்பில் அமர்ந்திருக்கும் இந்த ஈயைப் பார்ப்பவர், சாம்பல் நிறத்தில் முள் முள்ளாக மயிர் கொண்ட, வீட்டு ஈயைப் போன்ற ஏதோ ஒன்று என்று கருதிக் கடந்துவிடுவார். தாக்கப்பட்ட ஓலைகளை வெட்டி எரிப்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் பரிந்துரைதான். ஆனால் அந்த நெருப்பில் புழுவோடு அதனுள் வளரும் ஒட்டுண்ணியும் வெந்துபோகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. ஈயை இனங்காணும் கல்வி வெறும் பெயர்ப்பட்டியல் ஆர்வம் அன்று என்பதற்கு இதைவிட அருகிலிருக்கும் எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

படத்தைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் எண்ண வேண்டியது இறகுகளை. குளவிக்கும் தேனீக்கும் நான்கு இறகுகள், ஈக்கு இரண்டே. பின்னிறகு இருக்க வேண்டிய இடத்தில் சிறு குமிழ் போன்ற ஓர் உறுப்பு ஈக்கு உண்டு. பறக்கும்போது உடலைச் சமன் செய்வது அதன் வேலை. உணர்கொம்பு குட்டையாக, மூன்று கணுக்களோடு, மூன்றாம் கணுவிலிருந்து நீளும் ஒரு நுண்முள்ளோடு இருந்தால், அது வீட்டு ஈயின் உறவு வட்டத்தைச் சேர்ந்தது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். இறகின் நடுநரம்பு நுனிக்கு அருகில் முன்பக்கமாக மடங்குவதை டாக்கினிட் ஈயின் அடையாளமாகச் சிலர் கொள்வர். அது போதாது, வீட்டு ஈயிலும் அந்த நரம்பு அவ்வாறே மடங்குகிறது.

உண்மையில் தீர்ப்புச் சொல்லும் இடங்கள் இரண்டு. இரண்டுமே மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாதவை. முதலாவது, மார்பின் பக்கவாட்டில், சமநிலைக் குமிழுக்குக் கீழும் பின்னங்காலின் அடிக்கு மேலும் செங்குத்தாக நிற்கும் ஒரு வரிசைத் தடித்த முள்மயிர்கள். டாக்கினிட் ஈக்கள், நீல ஈக்கள், சதை ஈக்கள் ஆகிய மூன்றிலும் இந்த வரிசை உண்டு. வீட்டு ஈயின் குடும்பத்தில் இல்லை. இரண்டாவது, முதுகின் பின்முனையில் இருக்கும் முக்கோணக் கேடயத்துக்கு நேர்கீழே, மார்பின் பின்சுவரில் புடைத்து நிற்கும் மற்றொரு சிறு தட்டு. கீழ்க்கேடயம் என அழைக்கத்தக்க இத்தட்டு, மிகச் சில விலக்குகள் தவிர, டாக்கினிட் குடும்பத்தில் தெளிவாகக் குவிந்து புடைத்திருக்கும். நீல ஈயிலும் சதை ஈயிலும் அவ்வாறு புடைக்காது. பக்கவாட்டிலிருந்து, சற்றே பின்புறமாகச் சாய்ந்து, ஈயின் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி எடுக்கும் ஒரு படம், மேலிருந்து எடுத்த அழகிய பத்துப் படங்களைவிட இங்கு அதிகம் பேசும். கண்ணும் நிறமும் பளிச்சென்று விழுந்த படங்களுக்குப் பரிசு கிடைக்கலாம். குடும்பத்தைத் தீர்மானிக்க அவை பெரும்பாலும் உதவுவதில்லை.

சதை ஈயோடு ஏற்படும் குழப்பம் கடற்கரை ஊர்களில் மிக அதிகம். முட்டம், குளச்சல், சின்னமுட்டம் போன்ற இடங்களில் கருவாடு காயும் மணலில் அமரும் சாம்பல் ஈக்களில் பெரும்பாலானவை சதை ஈக்களே. இவற்றின் மார்பில் மூன்று கருங்கோடுகள் ஓடும். வயிற்றில் ஒளி விழும் கோணத்துக்கேற்பக் கருமையும் வெண்மையும் இடம் மாறும் கட்டங்கள் தெரியும். உணர்கொம்பின் நுண்முள்ளில் பாதி வரைக்கும் மயிர் அடர்ந்திருக்கும். டாக்கினிட் ஈக்களில் அந்த நுண்முள் பெரும்பாலும் மொட்டையாகவே இருக்கிறது. மார்பில் நான்கு கோடுகள் கொண்டவை மிகுதி. வயிற்றுக் கட்டுகளின் ஓரங்களில் நிமிர்ந்து நிற்கும் முட்கள் கண்ணைக் குத்துமளவுக்குத் தடித்தவை. ஆயினும் கோடுகளை மட்டும் எண்ணி முடிவு சொல்வது ஆபத்து. கோடு மங்கிய இனங்களும் உடலே பொன்னிறமாகவோ நீலமாகவோ இருக்கும் இனங்களும் வெப்ப மண்டலத்தில் போதிய அளவு உள்ளன.

மற்றக் குடும்பங்களில் வேலை எளிது. நெற்பயிரின் தோகைகளுக்கிடையே அசையாமல் அந்தரத்தில் நின்று பறக்கும் சிறிய கரிய ஈயின் தலை முழுதும் கண்ணாகவே இருந்தால், அது பைபன்குலிடே. பச்சைத் தத்துப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுவது இதுவே. விளவங்கோட்டு ஏலாக்களிலும் தோவாளை வயல்களிலும் காலை வேளையில் பொறுமையோடு பார்ப்பவருக்கு இது தட்டுப்படும். இறகுகளை இருபுறமும் விரித்தபடியே அமரும், உடலெங்கும் மென்மயிர் கொண்ட, இறகில் கருந்திட்டு வரைந்த ஈ பாம்பிலியிடே. வெறுந்தரையில் தேனீக்களின் துளைகளுக்கு மேலே நின்று பறந்தபடியே முட்டையைத் துளைக்குள் எறிந்துவிட்டுப் போகும் வழக்கம் இதன் பல இனங்களுக்கு உண்டு. இதே குடும்பத்தின் சிஸ்ட்ரோபஸ் என்னும் பேரினம் இடை மெலிந்த குளவியாகவே வேடமிட்டுத் திரியும். தென்னையோலையில் தொட்டால் அரிக்கும் நத்தைப்புழுக்களின் குலம்தான் இதற்கு உணவு. வீட்டில் வளர்க்கும் புறாவின் இறகுக்குள் பக்கவாட்டில் ஓடி மறையும் தட்டையான ஈ, மாட்டின் வால் அடியில் ஒட்டிக்கொண்டு விரட்டினாலும் போகாத ஈ ஆகியவை பேன் ஈக்கள். முட்டையிடாமல், முழு வளர்ச்சி பெற்ற ஒரே ஒரு புழுவை ஒரு தடவைக்கு ஈன்று போடுவது இவற்றின் தனித்தன்மை. இத்தனைக்கும் ஒரே ஒரு தெளிந்த படம் போதும்.

கால்நடைப் புண்ணில் புழு வைக்கும் கிரைசோமியா பெசியானாவின் நிலை டாக்கினிடேவுக்கும் இந்த எளிய குடும்பங்களுக்கும் இடைப்பட்டது. பச்சையும் நீலமுமாக மின்னும் இந்த ஈ, உயிருள்ள தசையில் மட்டுமே வளரும். மீன் காயும் இடத்தில் மொய்க்கும் அதே நிறத்துக் கிரைசோமியா மெகாசெஃபலாவோ பெரும்பாலும் அழுகலில் வளர்வது. இறகின் அடியில் உள்ள கீழ்ச்செதில் முன்னதில் வெண்மையாகவும் பின்னதில் பழுப்பேறியும் இருப்பது முக்கிய வேறுபாடுகளில் ஒன்றாதலால், வெயிலில் மின்னும் முதுகை மட்டும் பதிவு செய்த படம் இங்குப் பயன்படாது. சென்னை கிண்டியின் கிங் நிறுவனத்தில் பணிபுரிந்த வால்டர் ஸ்காட் பாட்டன், கிராக் என்பாரோடு இணைந்து 1913இல் வெளியிட்ட மருத்துவப் பூச்சியியல் நூலால் உலக அளவில் அறியப்பட்டவர். பின்னாளில் இந்திய நீல ஈக்களைக் குறித்து அவர் எழுதிய கட்டுரைகளில் இந்தப் புண் ஈ விரிவாக இடம்பெற்றது. ஈயைப் பிடித்துப் பார்ப்பதோடு நில்லாமல், புண்ணிலிருந்து எடுத்த புழுவை வளர்த்து ஈயாக்கிப் பார்த்துப் பெயர் சொல்வதே அக்காலத்து முறை. அந்த முறை இன்றும் பழையதாகிவிடவில்லை.

படம் மட்டுமே போதும் என்னும் வாதத்துக்கு உலக அளவில் பெரும் வழக்காக நின்றதும் ஓர் ஒட்டுண்ணி ஈதான். ஸ்டீபன் மார்ஷல், நீல் எவன்ஹூயிஸ் ஆகிய இருவரும் 2015இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மார்லேயிமியா ஜைலோகோப்பே என்னும் புதிய இனத்தை, பாதுகாக்கப்பட்ட உடல் ஏதுமின்றி, நிழற்படங்களை மட்டும் ஆதாரமாகக் கொண்டு அறிவித்தனர். தச்சுத் தேனீயைப் போலவே தோற்றமளிக்கும் அந்தப் பாம்பிலியிட் ஈ, வேறெதனோடும் குழப்பிக்கொள்ள இடமில்லாத அளவுக்குத் தனித்த உருவம் கொண்டது என்பதே அவர்கள் தரப்பின் வலிமை. அடுத்த ஆண்டே 493 வகைப்பாட்டியலாளர்கள் கையொப்பமிட்ட மறுப்பு ஒன்று வெளியானது. உடல் இல்லாத பெயர் பின்னாளில் சரிபார்க்க முடியாத பெயராகிவிடும் என்பது அவர்களது வாதம். விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிவிப்பு, இத்தகைய பெயரிடலைத் தடை செய்யாமல், உடலைப் பாதுகாக்காததற்கான காரணத்தை ஆசிரியர்கள் விளக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இந்தியாவுக்கும் இவ்வகை வழக்கு புதிதன்று. அருணாசலப் பிரதேசத்தில் கண்டறியப்பட்ட புகுன் லியோசிக்லா என்னும் பறவையை 2006இல் ரமணா ஆத்ரேயா கொல்லாமலே, படங்களையும் சில இறகுகளையும் கொண்டு புதிய இனமாக அறிவித்தார். எண்ணிக்கை மிகக் குறைந்த பறவையாதலால் அம்முடிவை ஏற்பதில் நியாயம் உண்டு. அதே நியாயத்தை ஈக்கு நீட்டுவது பொருந்தாது. ஒரு தோப்பில் ஒரு டாக்கினிட் ஈயை எடுத்துப் பாதுகாப்பதால் அந்த இனம் குறைந்துவிடப் போவதில்லை. எடுக்காமல் விட்டால் பெயர் மட்டும் தொங்கலில் நிற்கும்.

டாக்கினிட் ஈக்களில் படம் இனம் வரைக்கும் போக முடியாததற்குக் காரணம் உடலமைப்பிலேயே உள்ளது. ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு இனங்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்து, ஆண் ஈயின் வயிற்று முனையில் மடிந்திருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவில் மட்டும் வேறுபடுவது இக்குடும்பத்தில் சாதாரணம். அதனைப் பார்க்க நுண்ணோக்கியின் கீழ் ஊசி கொண்டு பிரித்தாக வேண்டும். முள்மயிர்களின் எண்ணிக்கையும் அவை நிற்கும் இடமும் அடுத்த முக்கியச் சான்று. படத்தில் ஒரு முள் மறைந்தாலும் பெயர் மாறிவிடும். இதற்கு மேல் இந்திய நிலைமைக்குரிய ஒரு குறையும் சேர்கிறது. பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் என்ரிகோ புருனெட்டி எழுதிய ஈக்கள் தொகுதிகளில், 1920ஆம் ஆண்டுத் தொகுதி பாம்பிலியிடேவையும் 1923ஆம் ஆண்டுத் தொகுதி பைபன்குலிடே, கோனோபிடே ஆகியவற்றையும் அடக்கின. நீல ஈக்களுக்கு 1940இல் தனித்தொகுதி வந்தது. டாக்கினிடேவுக்கு மட்டும் அவ்வரிசையில் நூல் வரவே இல்லை. ராஜர் கிராஸ்கி 1976இல் கீழ்த்திசை வட்டாரம் முழுவதற்கும் எழுதிய தொகுப்பே இன்றைக்கும் தொடக்கச் சான்றாக நிற்கிறது. தமிழகத்து ஈக்களின் பழைய உடல்களில் பல கடல் கடந்து கிடக்கின்றன. காரைக்காலை அடுத்த குரும்பகரத்திலிருந்து பூச்சிகளைத் திரட்டிய பி. சூசைநாதனின் சேகரிப்புகள் லண்டன், ஒட்டாவா போன்ற நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. அவரது பெயர்ச்சீட்டு தாங்கிய பெட்டிகளைத் திறந்துதான் தென்னிந்திய ஈக்கள் சிலவற்றை இன்று ஒப்புநோக்க முடிகிறது.

இந்த வெற்றிடத்தைக் கைப்பேசிச் செயலிகள் நிரப்பிவிடும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. செயலிக்குக் கற்பித்த படங்கள் எங்கிருந்து வந்தனவோ அந்த நாட்டின் பெயர்களையே அது முன்னிறுத்தும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்ட படங்களே மிகுந்திருக்கும் இக்குடும்பத்தில், கீரிப்பாறை ஈக்கு இங்கிலாந்து வயல்வெளியின் பெயரை அது கூசாமல் எடுத்துத் தருவதில் வியப்பில்லை. குடும்பப் பெயர் வரைக்கும் செயலி சொல்வதைக் கேட்கலாம். அதற்கு அப்பால் அது சொல்வது ஊகம்.

ஆகவே நாஞ்சில் நாட்டில் படம் எடுப்போரின் கவனம் ஈயின் முகத்திலிருந்து ஈ வெளிவந்த உடலுக்குத் திரும்ப வேண்டும். எந்தப் புழுவிலிருந்து எந்த ஈ வந்தது என்னும் உறவுதான், நூலில் இல்லாததும் ஊரில் இருப்பதுமான செய்தி. டாக்கினிட் ஈக்களில் ஒரு சாரார் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய வெள்ளை முட்டைகளைப் புழுவின் தோல்மீதே ஒட்டிவிடுவர். பட்டுப்புழுவைத் தாக்கும் எக்ஸோரிஸ்டா பாம்பைசிஸ் என்னும் ஊஜி ஈ இவ்வகையினது. வங்கத்தில் வெகுகாலமாக இருந்த இந்த ஈ, பட்டுக்கூடுகளோடு பயணம் செய்து 1980இல் கர்நாடகத்தை எட்டி, பின்னர் தமிழகத்துப் பட்டு வளர்ப்பையும் பற்றிக்கொண்டது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு தோலைத் துளைத்து நுழையும் இடத்தில் ஒரு கரும்புள்ளி விழும்; அந்தப் புள்ளியைப் பதிவு செய்த படம் ஈயையே பதிவு செய்த படத்துக்கு நிகரானது. வேறொரு சாரார் தூசியளவு நுண்ணிய முட்டைகளை இலையில் தூவிவிட, இலையோடு சேர்த்துப் புழு அவற்றை விழுங்குகிறது. இங்குப் புழுவின் தோலில் சுவடே இருக்காது. மூன்றாவது சாரார் உயிருள்ள குட்டிப் புழுக்களையே ஈன்றுவிடுவர். கரும்பின் இளங்குருத்துப் புழுவைத் தேடி வரும் ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ், துளையருகில் கிடக்கும் எச்சத்தின் வாடையை அறிந்து, வாசலில் தன் குஞ்சுகளை விட்டுச் செல்லும். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் அறிஞர்கள் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

உறவு தெரிந்தால் பெயர் பாதி தெரிந்ததுபோல என்பதற்குப் பிஜித் தீவின் வரலாறு சான்று. அங்குத் தென்னையைப் பாழாக்கிய லெவுவானா என்னும் அந்துப்பூச்சிக்கு எதிராக, மலாயாவில் அதன் உறவினமான வேறோர் அந்தின் புழுவில் வளர்ந்துகொண்டிருந்த பெஸ்ஸா ரெமோட்டா என்னும் டாக்கினிட் ஈயை 1925இல் கப்பலில் கொண்டுவந்தனர். புழுவுக்கும் ஈக்கும் உள்ள உறவை முன்கூட்டிக் கவனித்ததாலேயே அந்த ஈயைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அந்து அடியோடு மறைந்துவிட்டதோ என இன்று கவலைப்படுவோரும் உள்ளனர். அயல் ஈயைக் கொண்டுவருவதில் உள்ள ஆபத்தையும் இதே வரலாறு சொல்கிறது. குமரியின் தோப்புகளுக்கு அயல் ஈ வேண்டியதில்லை. ஏற்கெனவே இருப்பதை எரிக்காமல் விட்டாலே பயன் உண்டு.

நேரமும் இடமும் சேர்ந்தால் முதிர்ந்த ஈயைப் பார்ப்பது கடினமன்று. டாக்கினிட் ஆண் ஈக்களில் பல, பெண் ஈக்களைச் சந்திப்பதற்காகக் குன்றின் உச்சியில் கூடும் பழக்கம் கொண்டவை; சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் மருந்துவாழ்மலை இதற்கேற்ற உச்சி. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று மிகும் மாதங்களில் வெட்டவெளியில் படம் எடுக்க முயல்வது வீண் உழைப்பு. வாழைத்தோட்டத்தின் உட்பகுதியில், அசுவினி சிந்திய இனிப்பு நீர் படிந்த இலைகளில், காலை வெயில் ஏறுமுன் ஈக்கள் அசையாமல் நக்கிக்கொண்டிருக்கும்.

பள்ளி, கல்லூரி மாணவரும் தோப்பு வைத்திருப்போரும் படம் எடுப்போரும் செய்ய வேண்டியது இதுவே. புழு தின்ற ஓலைத்துண்டைப் புழுவோடு வெட்டி, மெல்லிய துணி கட்டிய போத்தலில் நிழலில் வைத்து, தினமும் ஓலையை மாற்றி வளர்க்க வேண்டும். புழுவையும், அதன்மேல் முட்டையோ கரும்புள்ளியோ இருந்தால் அதனையும் முதலில் படம் எடுக்க வேண்டும். பின்னர் உருண்டு திரண்டு கிடக்கும் பழுப்பு நிற ஈக்கூட்டையும், அதன் பின்முனையில் தெரியும் இரண்டு சுவாசத் தட்டுகளையும் நெருக்கமாக எடுக்க வேண்டும். அத்தட்டுகளின் கீறல்கள் பேரினத்தைச் சொல்ல உதவும். வெளிவந்த ஈயின் இறகு விரியவும் நிறம் ஏறவும் ஒரு நாள் அவகாசம் கொடுத்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்தின் நேரிலும் படம் எடுத்தபின், அந்த ஈயையும் அது விட்டுச்சென்ற கூட்டையும் புழுவின் தோலையும் ஒரே குப்பியில், ஊர், நாள், பயிர், புழுவின் பெயர் எழுதிய சீட்டோடு வைக்க வேண்டும். அந்தக் குப்பியைத் திருப்பதிசாரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கோ பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டு சேர்த்தால், அங்கிருந்து பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தின் வல்லுநர்களைக் கேட்க வழி உண்டு. பெயர் வர மாதங்கள் ஆகலாம். அதுவரைக்கும் படத்தின் அடியில் "டாக்கினிடே, கருந்தலைப்புழுவிலிருந்து வெளிவந்தது" என்று மட்டும் எழுதிவைப்பது முறையான பதிவாகும்.